வரைபடத்தில் ஒரு கேள்விக்குறி: வேதாகம ஊர்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் சில வண்ண வரைபடங்கள் இருக்கும். சிறு வயதில், ஆலயத்தில் பிரசங்கம் நீளும்போதெல்லாம் நான் விரித்து வைத்துப் பார்ப்பது அவற்றைத்தான். எருசலேம், பெத்லகேம், எரிகோ என்று கறுப்புப் புள்ளிகள். சில ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி நிற்கும். அது ஏன் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: “இந்த ஊர் இங்கே இருந்திருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை” என்று வரைபடம் போட்டவர் ஒப்புக்கொள்ளும் இடம் அது.

சரி, அப்படியானால் கேள்விக்குறி இல்லாத புள்ளிகளை எப்படி உறுதி செய்தார்கள்? மூவாயிரம் ஆண்டுக்கு முன்பு ஆட்கள் வாழ்ந்த ஓர் ஊரை இன்றைய நிலத்தில் எப்படித் தேடிப் பிடிப்பது?

ஒரு வழக்கில் சாட்சிகளை விசாரிப்பது போலத்தான். பெயர் ஒரு சாட்சி. பழைய நூல்கள் சொல்லும் தூரமும் திசையும் இன்னொரு சாட்சி. மண்ணுக்குள் கிடக்கும் அடுக்குகள் மூன்றாவது. அதிர்ஷ்டம் இருந்தால், தோண்டும்போது கிடைக்கும் எழுத்து நான்காவது. எல்லாரும் ஒரே இடத்தைக் கை காட்டினால் கேள்விக்குறியை எடுத்துவிடலாம். ஒருவர் மட்டும் காட்டினால் ஏமாறத்தான் வாய்ப்பு அதிகம்.

கிராமத்தாரின் நாக்கில் இருந்த பெயர்கள்

1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க வேதாகம அறிஞர் பாலஸ்தீனத்துக்கு வந்தார். உடன் வந்தவர் ஈலை ஸ்மித். பெய்ரூத்தில் மிஷனரியாக இருந்தவர், அரபி நன்றாகத் தெரிந்தவர். அதுவரை வந்த யாத்ரீகர்கள் பெரும்பாலும் மடங்களில் தங்கி, துறவிகள் காட்டிய இடங்களை அப்படியே நம்பிப் போனார்கள். ராபின்சன் அந்த வழியை விட்டுவிட்டார். அந்த மண்ணிலேயே வாழ்ந்த அரபிக் குடியானவர்களிடம் மட்டுமே கேட்பது என்று முடிவு செய்தார்.

கேட்பதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். “இதுதானே பெத்தேல்?” என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் வந்தவர் மனம் நோகக் கூடாது என்று “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “அதோ அந்த மேட்டுக்கு என்ன பேர்?” என்றுதான் கேட்பார். எளிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தத் துறை நம்பகமானதாக மாறியது இந்த ஒரு பழக்கத்தால்தான் என்பது என் எண்ணம்.

பதில்களாக வந்த பெயர்களைப் பாருங்கள். எரேமியா தீர்க்கதரிசியின் ஊர் ஆனதோத். எருசலேமுக்கு வடகிழக்கே இருந்த கிராமத்துக்குப் பெயர் அனாத்தா. யோனத்தான் பெலிஸ்தரின் பாளையத்துக்குள் ஏறிப் போன மிக்மாஸ் இப்போது முக்மாஸ். உடன்படிக்கைப் பெட்டி இருந்த சீலோ, செய்லூன். பெத்தேல், பெய்த்தீன்.

இதெல்லாம் வெறும் ஒலி ஒற்றுமை அல்ல. எபிரேயமும் அரமேயமும் அரபியும் ஒரே குடும்பத்து மொழிகள். ஒலிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் ஒழுங்கு உண்டு. எபிரேயத்தில் பெயரின் முதலில் வரும் ககர ஒலி, ‘கங்கை’ என்பதில் வருமே அந்த ஒலி, அரபியில் ஜகரமாகும். கிபியோன் என்பது ஜீப் ஆனது. கேபா, ஜபா ஆனது. கேசேர், ஜெசர் ஆனது. மூன்று பெயரிலும் ஒரே மாற்றம். தற்செயலாக இருந்தால் இப்படி வரிசையாக அமையாது.

ஆட்சியாளர்கள் வைத்த பெயர்கள் பல இடங்களில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்கோ துறைமுகத்துக்குக் கிரேக்க அரசர்கள் பித்தொலோமாய் என்று பெயர் சூட்டினார்கள். பவுல் கப்பலில் வந்து இறங்கியபோது ஊரின் பெயர் அதுதான். அந்த ஆட்சி போனது, பெயரும் போனது, அக்கோ மட்டும் நின்றது. எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. ரோமர்கள் சீகேமுக்கு அருகே கட்டிய நெயாபொலிஸ்தான் இன்றைய நாப்லுஸ். ‘பல்’ என்பதில் வரும் அழுத்தமான பகர ஒலி அரபியில் இல்லாததால், ‘அம்பு’ என்பதில் வரும் மெல்லிய ஒலியாகப் புரண்டுவிட்டது. சீகேமின் பழைய மேடு அந்த நகரின் கிழக்கு ஓரத்தில், தெல் பலாத்தா என்ற பெயரில் கிடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தாண் நகரத்தின் கதை. “தாண் முதல் பெயெர்செபா வரை” என்கிறோமே, அந்த வட எல்லை ஊர். அங்கே இருந்த மேட்டை அரபியில் தெல் எல் காதி என்றார்கள். தாண் என்ற ஒலியே அதில் இல்லை. ஆனால் காதி என்றால் நீதிபதி. எபிரேயத்தில் தாண் என்ற சொல்லின் வேரும் நியாயந்தீர்ப்பதைத்தான் குறிக்கிறது. ஒலி போய், பொருள் மட்டும் மொழி மாறி உயிரோடு இருந்திருக்கிறது. 1976இல் அங்கே கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதிய கல்வெட்டு ஒன்று கிடைத்தது: தாணிலிருக்கும் தெய்வத்துக்குச் செய்த நேர்த்திக்கடன் பற்றியது. சந்தேகம் தீர்ந்தது.

பெயர் ஏமாற்றும் இடங்கள்

பெயர்கள் இடம் பெயரும். ஊர் எரிந்தால், தண்ணீர் வற்றினால், மக்கள் கொஞ்சம் தள்ளிப் போய்க் குடியேறுவார்கள். போகும்போது பெயரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்றைய எரிகோ நகரம் பழைய எரிகோவின் மேல் இல்லை. பழையது வடமேற்கே சுமார் 2 கிலோமீட்டரில், தெல் எஸ் சுல்தான் என்ற மேட்டில் இருக்கிறது.

லாகீஸ் விஷயத்தில் பெயர் இன்னும் மோசமாகத் திசைதிருப்பியது. உம் லாகீஸ் என்று ஓர் இடிபாடு இருந்தது. பெயரை வைத்து அதுதான் லாகீஸ் என்று பலர் நம்பினார்கள். 1890இல் வந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே பார்த்தபோது ரோமர் காலத்துக்கு முந்தையது எதுவும் இல்லை. எசேக்கியா ராஜா காலத்தில் அரணான பட்டணமாக இருந்த ஊர், அதற்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த பானை ஓட்டுச்சில்லுகளோடு மட்டும் இருக்க முடியுமா? பெயர் பொருந்தியது, மண் பொருந்தவில்லை. பெட்ரி பக்கத்திலிருந்த தெல் எல் ஹெசிக்குப் போனார். அதுவே லாகீஸ் என்றார். அதுவும் தவறு. இன்று லாகீஸ் என்று ஏற்கப்படும் தெல் எத் துவெய்ருக்கு, லாகீஸ் என்ற பெயரோடு ஒட்டோ உறவோ இல்லை.

இன்றைய வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இஸ்ரேலில் கிரியாத் காத் என்று ஒரு நகரம் இருக்கிறது. கோலியாத்தின் ஊரான காத் அங்கேதான் என்று 1950களில் கருதியதால் அந்தப் பெயர் வைத்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் காத் அங்கே இல்லை, வடகிழக்கே தெல் எஸ் சாபியில் இருந்தது என்று காட்டின. நகரத்தின் பெயர் மாறவில்லை. ஆகவே போனில் பெயரைத் தட்டி வரும் புள்ளியைப் பார்த்து “இதோ கோலியாத் ஊர்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மேடு என்பது மேடு மட்டுமல்ல

‘தெல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது அல்லவா? அரபியில் மேடு என்று பொருள். வெயிலில் காய்ந்த மண்கல்லால் வீடு கட்டுவார்கள். அது இடிந்தால் அள்ளிக் கொட்டாமல் அங்கேயே நிரவி, மேலே அடுத்த வீடு எழுப்புவார்கள். நீர் ஊற்று இருக்கும் இடத்தையும், சுவர் எழுப்பிய இடத்தையும் யாரும் சுலபத்தில் விட்டுப் போவதில்லை. நூற்றாண்டுகள் போகப் போக ஊர் தன் குப்பையின் மேலேயே உயர்ந்துகொண்டு போகும். தூரத்திலிருந்து பார்த்தால் மேல்பக்கம் தட்டையான குன்று போலத் தெரியும்.

ராபின்சனுக்கே இது தெரியாது. மெகிதோவைத் தேடிப் போன அவர், தெல் எல் முத்தெசெல்லிம் என்ற மேட்டின் உச்சியில் நின்று எஸ்திரேலோன் சமவெளியைப் பார்த்தார். நகரம் அமைய அருமையான இடம், ஆனால் இங்கே நகரம் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். மெகிதோ அவர் காலடியில் இருந்தது. பிறகு தோண்டியபோது 20க்கும் மேற்பட்ட குடியிருப்பு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த மேடுகள் என்னவென்று படிக்கும் வழியே அன்றைக்குப் பிறக்கவில்லை.

அந்த வழியைத் திறந்தவர் பெட்ரி. தெல் எல் ஹெசியில் ஓர் ஓடை மேட்டின் ஒரு பக்கத்தை அரித்து, அடுக்குகளை வெட்டிக் காட்டியிருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் பானை ஓட்டின் வடிவம் வேறு என்பதை அவர் கவனித்தார். பானை சுலபத்தில் உடையும். உடைந்த ஓட்டை உருக்கி இன்னொன்று செய்ய முடியாது. அது மக்கவும் மக்காது. விளிம்பு, கைப்பிடி, மெருகு எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் ஓட்டுச்சில்லே நாட்காட்டி ஆகிறது. இன்று கதிரியக்கக் கரிமக் கணக்கும் சேர்ந்துகொண்டாலும், ஒரு மேட்டில் ஏறும் ஆய்வாளர் முதலில் செய்வது குனிந்து ஓடு பொறுக்குவதுதான்.

தூரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகரத்து ஆயர் யூசேபியுஸ், வேதாகம ஊர்ப் பெயர்களின் அகராதி ஒன்றைக் கிரேக்கத்தில் தொகுத்தார். இன்ன ஊர் இன்ன நகரத்திலிருந்து இன்ன சாலையில் இத்தனையாவது மைல்கல்லில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். ரோமர்களின் மைல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவர்களின் சாலைகளும் மைல்கற்களும் பல இடங்களில் இன்றும் கிடக்கின்றன. ஆக, சாலையைப் பிடித்து அளந்தே போகலாம். 6ஆம் நூற்றாண்டில் யோர்தானின் மாதபா ஊர்த் தேவாலயத் தரையில் வண்ணக் கற்களால் பதித்த வரைபடமும் இதே போல உதவுகிறது. ஆனால் யூசேபியுஸுக்கும் யோசுவாவின் கதைக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இடைவெளி. அவரும் தன் காலத்து மக்கள் சொன்னதைத்தான் எழுதினார் என்பதை மறக்கக் கூடாது.

கிபியோன்: ஒரு ஊர் தன் பெயரைத் தானே சொன்ன கதை

எல்லாச் சாட்சியும் ஒன்றுகூடிய இடம் ஒன்றை அருகில் போய்ப் பார்ப்போம்.

எருசலேமிலிருந்து வடமேற்கே 10 கிலோமீட்டருக்குள் எல் ஜீப் என்ற கிராமம். சூரியன் தரித்து நின்றதாக யோசுவா புத்தகம் சொல்லும் கிபியோன் இதுதான் என்று ராபின்சன் பெயரை வைத்துச் சொல்லியிருந்தார். ஆனால் யூசேபியுஸின் கணக்கு சரியாக ஒத்துவராததால் சில அறிஞர்கள் வேறு இடங்களைச் சொன்னார்கள். 1956இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அங்கே தோண்ட ஆரம்பித்தார்.

பாறையில் குடைந்த ஒரு பெரிய வட்டக் குழி வெளிப்பட்டது. குறுக்களவு 11 மீட்டருக்கு மேல், ஆழமும் ஏறக்குறைய அவ்வளவு. சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் படிகள், கைப்பிடிச் சுவரும் பாறையிலேயே செதுக்கியது. அடிக்குப் போன பிறகும் படிகள் நிற்கவில்லை. தரையைத் துளைத்து இன்னும் கீழே, நிலத்தடி நீர் வரைக்கும் போயின. மொத்தம் 79 படிகள். தலையில் குடத்தோடு அந்தச் சுழல்படியில் ஏறி வந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். அப்னேரின் ஆட்களும் யோவாபின் ஆட்களும் கிபியோனின் குளத்தருகே எதிரெதிரே உட்கார்ந்தார்கள் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது. அந்தக் குளம் இதுவாக இருக்கலாம் என்ற எண்ணம் எழாமல் இருக்குமா?

எண்ணம் மட்டும் போதாது. குழியை நிரப்பியிருந்த மண்ணில்தான் விடை இருந்தது: உடைந்த ஜாடிக் கைப்பிடிகள். சிலவற்றில் பழைய எபிரேய எழுத்தில், மெய்யெழுத்துகளால் மட்டும் கீறி எழுதிய ஒரு பெயர்: கிபியோன். அப்படி ஊர்ப் பெயர் எழுதிய கைப்பிடிகள் மொத்தம் 31 கிடைத்தன. சிலவற்றில் பக்கத்திலேயே ஆட்களின் பெயர்கள்: அமரியா, அசரியா, அனனியா.

இங்கே ஒரு நல்ல சந்தேகம் வரும். ஜாடியில் ‘கிபியோன்’ என்று எழுதியிருந்தால் அது கிபியோனிலிருந்து வந்த சரக்கு என்றுதானே பொருள்? திருநெல்வேலி அல்வா என்று அச்சிட்ட காலி டப்பா சென்னையில் ஒரு வீட்டில் கிடைத்தால், அந்த வீடு இருக்கும் இடம் திருநெல்வேலி ஆகிவிடாதே. இந்தக் கேள்விக்கும் மண்ணே பதில் வைத்திருந்தது. பாறையில் மணி வடிவத்தில் குடைந்த 63 நிலவறைகள் வெளிப்பட்டன. உள்ளே எப்போதும் சுமார் 18 டிகிரிக் குளிர்ச்சி. திராட்சை மிதிக்கும் தொட்டிகள், ஜாடி வாய்க்குப் பொருந்தும் களிமண் மூடிகள், ஊற்றும் புனல் எல்லாம் அங்கேயே இருந்தன. ஆக, ஜாடியை நிரப்பி மூடி அனுப்பிய ஊரே இதுதான். வெறும் கைப்பிடி எழுத்தைவிட இந்த நிலவறைகள்தான் எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகின்றன.

ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். யோசுவாவின் காலம் என்று பொதுவாகக் கருதப்படும் வெண்கலக் காலக் கடைசியைச் சேர்ந்த நகரம் எதுவும் எல் ஜீப்பில் கிடைக்கவில்லை. சில கல்லறைகள் மட்டுமே. ஓர் ஊரின் இடத்தை உறுதி செய்வது வேறு, அந்த ஊரைப் பற்றிய ஒவ்வொரு சம்பவத்தையும் உறுதி செய்வது வேறு. விசுவாசத்தோடு படிப்பவர்களும் சந்தேகத்தோடு படிப்பவர்களும் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். ஆயி பட்டணமாகப் பலர் ஏற்கும் எத் தெல்லிலும் இதே சிக்கல். அங்கே ஆயிரம் ஆண்டுக்கும் மேல் யாரும் குடியிருக்கவில்லை என்று தெரிகிறது. அந்தக் காலியான இடைவெளியில்தான் யோசுவாவின் படையெடுப்பு விழுகிறது. அதனாலேயே சிலர் ஆயியை வேறு மேடுகளில் தேடுகிறார்கள்.

பெயரைத் தானே சொன்ன ஊர்கள் வேறு சிலவும் உண்டு. 1874இல் தெல் ஜெசரைச் சுற்றிய பாறைகளில் “கேசேரின் எல்லை” என்று எபிரேயத்தில் வெட்டிய எழுத்துகளைப் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ கண்டார். அந்த மேடுதான் கேசேர் என்று அவர் ஊகிக்க ஆரம்பித்ததே, 15ஆம் நூற்றாண்டு அரபி வரலாற்று நூல் ஒன்று ஒரு சண்டையின் கூச்சல் தெல் ஜெசர் வரை கேட்டதாகச் சொன்னதைப் படித்துத்தான். 1996இல் தெல் மிக்னேயில் கிடைத்த கல்வெட்டில், பாதி என்பவனின் மகன் ஆகீஸ், பெலிஸ்தரின் எக்ரோன் நகரத்து அதிபதி, தான் கட்டிய கோயிலைப் பற்றிச் சொல்கிறான். பாதி என்ற அந்தத் தகப்பனின் பெயர், எக்ரோன் ராஜா என்றே, அசீரிய அரசன் சனகெரிபின் ஆவணங்களிலும் வருகிறது.

இந்தக் கண்ணோடு நம் ஊர்ப் பேச்சு ஒன்றையும் பார்க்கலாம். சாலொமோனுக்குப் பொன் வந்த ஓப்பீர், திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் உவரிதான் என்று சொல்பவர்கள் உண்டு. சாட்சி ஒன்றே ஒன்று: ஒலி. ஆனால் உவரி என்றால் தமிழிலேயே உவர்நீர், கடல் என்று பொருள். கடற்கரை ஊருக்கு அந்தப் பெயர் வர சாலொமோன் தேவையில்லை. அதே சமயம் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தமிழின் ‘தோகை’யோடு கால்டுவெல் இணைத்துக் காட்டினார். அது உண்மையானால் வணிகத் தொடர்புக்கு ஒரு சாட்சி ஆகும். ஊரின் இடத்துக்கு ஆகாது. ஓப்பீர் அரபியக் கரையிலா, கிழக்கு ஆப்பிரிக்காவிலா, இந்தியாவிலா என்பது இன்னும் தீராத கேள்வி.

கடைசியாக, என் பழைய வரைபடத்தில் கேள்விக்குறியோடு இருந்த எம்மாவு. உயிர்த்தெழுந்த இயேசு இரண்டு சீஷர்களோடு நடந்து போன வழி அது. பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் எருசலேமிலிருந்து 60 ஸ்தாதி தூரம் என்று இருக்கிறது. சுமார் 11 கிலோமீட்டர். வேறு சில பழைய பிரதிகளில் 160 ஸ்தாதி. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இம்வாஸ் என்று ஓர் அரபிக் கிராமம் இருந்தது. எம்மாவு என்ற பெயரை அப்படியே வைத்திருந்த கிராமம். யூசேபியுஸும் அதைத்தான் எம்மாவு என்றார். சிலுவைப் போர் வீரர்கள் வந்தபோது 60 ஸ்தாதிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எருசலேமுக்கு அருகிலேயே வேறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் ஒரு பக்கம் இழுக்கிறது, தூரம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. அன்று மாலையே சீஷர்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று லூக்கா சொல்கிறார். 30 கிலோமீட்டர் போய், அதே ராத்திரியில் 30 கிலோமீட்டர் திரும்ப முடியுமா?

அந்தப் பெயரை அத்தனை நூற்றாண்டுகளாக நாக்கில் வைத்துக் காத்த இம்வாஸ் கிராமம் 1967 போரில் இடிக்கப்பட்டது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று அங்கே மரங்கள் நட்ட பூங்காவும், பழைய தேவாலயத்தின் இடிபாடும் இருக்கின்றன. இனி ஒருவர் அங்கே போய் “இந்த இடத்துக்கு என்ன பேர்?” என்று கேட்க, ராபின்சனுக்குக் கிடைத்தது போல ஒரு குடியானவர் கிடைக்க மாட்டார்.